ஈரம் பார்த்த பிள்ளை

வணக்கம் நேயர்களே. வேலைத்தலத்தில் இளம் பிள்ளைகளைத் தலைமைக்கு எப்படிப் பழக்குவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூத்தைத் தொட்டால் நான் ஓயமாட்டேன் என்று இவர்களுக்குத் தெரியும். ஆனாலும் தொடுகிறேன்.

மட்டக்களப்பில் கூத்துப் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளறிந்து சட்டம் கொடுப்பார். சட்டம் என்றால் சட்டத்தரணியின் சட்டமல்ல, கூத்தருக்குரிய பாட்டும் வசனமும். மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவார், ஏசுவார். பிறகு சதங்கை அணிவது, அப்புறம் அரங்கேற்றம். அன்றிரவு பொடியன் பாட்டை மறந்தால், மத்தளத்தோடு நின்றபடி அண்ணாவியார் அடியை எடுத்துக் கொடுப்பார். அவன் வேடத்துக்கு அணிந்த முடியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு ஆடமாட்டார்.

நான் ஒருமுறை அந்த முடியைக் கழற்றியவன்.

நெல் வாங்கும் களஞ்சியம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்த காலம். பெரும்போக அறுவடை, வாசலில் உழவு இயந்திர வரிசை. வரும் நெல்லின் ஈரம் பார்க்கும் வேலையை ஒரு இளம் பிள்ளையிடம் கொடுத்தேன். "14 சதவீதத்துக்கு மேலே காட்டினால் எடுக்காதே, நீ சொல்வதுதான் முடிவு" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். மூன்றாம் நாள் எனக்கு வேண்டிய போடியார், அதாவது பெரிய வயற்காரர், ஒருவர் வந்தார். மீற்றர் 17 காட்டியது. "காயவைத்துக் கொண்டு வாங்க ஐயா" என்று அவள் சொல்ல, மனிதர் நேரே என் மேசைக்கு வந்துவிட்டார். நானும் எழும்பிப் போய், "இதை மட்டும் எடு மகள்" என்றேன். எடுத்தாள். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் தொடக்கம் ஒவ்வொரு லோட்டுக்கும் என்னிடம் வந்தாள். "சேர், 13 காட்டுது, எடுக்கவா?" பதின்மூன்றுக்கு என்ன கேள்வி? இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தானாக முடிவெடுக்கத் தெரியாது என்கிறோமே, அதில் பாதி எங்கள் கைவேலை. அந்த ஈர நெல் களஞ்சியத்தில் சூடேறிப் பூஞ்சணம் பிடித்தது வேறு கதை.

சிறுபோகத்தில் என் மேசையை வாசல் தெரியாத அறைக்கு மாற்றினேன். முறைப்பாட்டோடு வந்தவர்களை "பிள்ளையிடமே கேளுங்கள்" என்று திருப்பினேன். பின்னேரத் தேத்தண்ணீரோடு அவள் அன்றைய நாளைச் சொல்வாள். பிழை இருந்தால் அப்போதுதான் சொல்வேன், வரிசைக்கு முன்னால் அல்ல. திருப்பினேன், திருப்பினேன், திருப்பிக்கொண்டே இருந்தேன். அவள் என்னை நம்ப அந்தப் போகம் முழுக்கத் தேவைப்பட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். 1980களின் தொடக்கத்தில் இளம் பட்டதாரிகளைக் கமக்காரர் நடுவே தங்கவிட்டார்கள். வந்ததும் தலைவர் தெரிவு வைக்கவில்லை. முதலில் வாய்க்கால் துப்புரவு, தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவது. அந்த வேலையில் தெரியவந்தவரையே கமக்காரர் கூடிப் பேசிப் பிரதிநிதி ஆக்கினார்கள். வாய்க்கால் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போன கதையும் இருக்கிறது... சரி, செய்தி நேரமாகிவிட்டது. வணக்கம்.