பீரில் மீன் இருக்கிறதா? பிரிட்டிஷ் பப்பை எடைபோடுவது எப்படி | கேஸ்க் ஏல் முதல் தேசி பப் வரை

(திரையில்: கண்ணாடிக் கோப்பை நிறையப் பொன்னிற பீர், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே.)

இந்தக் கோப்பையைப் பாருங்கள். பின்னால் விரலை வைத்தால் ரேகை வரைக்கும் தெரிகிறது. இந்தத் தெளிவைக் கொடுத்தது ஒரு மீன். சரியாகச் சொன்னால், மீனின் காற்றுப்பை. பிரிட்டனின் பாரம்பரிய பப்களில் இன்றைக்கும் பீரைத் தெளிய வைக்கும் வழக்கமான முறை இதுதான். எப்படி என்று சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்லித் தருகிறேன்: படிக்கவோ, வேலைக்கோ, சுற்றிப் பார்க்கவோ அந்தப் பக்கம் போகிறவர்கள், ஒரு பப்புக்குள் நுழைந்த ஐந்து நிமிடத்தில் அது நல்ல பப்பா, வெறுமனே பழைய பலகை மாட்டிய கடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது.

வணக்கம் நண்பர்களே. அங்கே மது வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குடிக்காதவர்கள் வீடியோவை மூடிவிட வேண்டாம். பப்பில் லைம் சோடா கேட்டு வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காபியும் பல இடங்களில் கிடைக்கும்.

வரலாற்றை ஓட்டமாக முடித்துவிடலாம். 1393-ல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு, ஏல் என்கிற பாரம்பரிய பீர் வகையை விற்பவர்கள் வாசலில் அடையாளப் பலகை மாட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். அவருடைய சின்னமான வெள்ளை மான் இன்றைக்கும் எத்தனையோ பப்களின் பெயர். முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று மதியத்தில் கடையை மூடச் சொன்னார்கள். போர் முடிந்தும் அந்த விதி போகவில்லை. இங்கிலாந்தில் 1988 வரை மதிய மூடல் இருந்தது! 2007-ல் புகைபிடிக்கத் தடை வந்தது. 2000-ல் 60,000-க்கு மேல் இருந்த பப்கள் இப்போது சுமார் 45,000 ஆகிவிட்டன. வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது பீருக்கு வருவோம். இந்த வீடியோவின் பெரும்பகுதி இதுதான், ஏனென்றால் ஒரு பப்பின் குணம் முழுக்க அதன் நிலவறையில் இருக்கிறது என்பது என் கட்சி.

பார் மேசையில் இரண்டு வகைக் குழாய்கள் இருக்கும். ஒன்று, சின்னதாக ஒரு பிடியைச் சாய்த்தால் தானாகக் கொட்டுவது. அது கெக் பீர். அதில் பெரும்பாலானவற்றை ஆலையிலேயே வடிகட்டி முடித்து, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் அனுப்பிவிடுவார்கள். எந்தக் கடையில் குடித்தாலும் ஏறக்குறைய ஒரே ருசி. இன்னொன்று, நெடிய மரக் கைப்பிடி போட்ட ஹேண்ட்பம்ப். பார்மேன் தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும். இரண்டு மூன்று இழுப்பில் கோப்பை நிறையும். அந்தக் கைப்பிடிக்குக் கீழே, தரைக்கு அடியில், கேஸ்க் என்கிற பீப்பாய் கிடக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

கேஸ்க் ஏல் ஆலையிலிருந்து கிளம்பும்போது இன்னும் முடியாத பீர். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பப்பின் நிலவறையில் கிடக்கும்போதும் புளித்துக்கொண்டே இருக்கும். மரத்திலிருந்து இறக்கிய கள்ளுக்குக் காலையில் ஒரு ருசி, பொழுது சாயும்போது வேறு ருசி இல்லையா? கேஸ்க் ஏலும் அந்தச் சாதி. அதை எப்போது திறப்பது, எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது பப் நடத்துகிறவர். ஆலை பாதி வேலைதான் செய்கிறது, மீதி அவர் கையில். அதனால்தான் ஒரே பீர் தெருவின் இந்த முனையில் தேவாமிர்தமாகவும் அந்த முனையில் வாயில் வைக்க முடியாததாகவும் இருக்கிறது.

(திரையில்: தாழ்ந்த கூரை, வெள்ளையடித்த செங்கல் சுவர், கிடைமட்டமாகக் கிடக்கும் பீப்பாய்கள்.)

யார்க்‌ஷரில் ஒரு பப்பின் நிலவறைக்குள் இறங்கிப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள். உள்ளே 12 டிகிரி. பீப்பாய்கள் படுக்கை வாக்கில், உருளாமல் கட்டை வைத்து முட்டுக்கொடுத்திருந்தன. வயிற்றின் மேல்புறத்தில் ஓர் அடைப்பு. பப்காரர் அதன் நடுவில் சுண்டுவிரல் அளவுள்ள ஒரு மரமுளையைச் சுத்தியால் அடித்து இறக்கினார். மெதுமரத்தில் செய்த முளை அது, காற்று கசியும். அடித்த உடனே அதன் தலையில் நுரை பொங்கியது. அதைத் துணியால் துடைத்தார். மறுபடி நுரை. மறுபடி துடைத்தார். துடைத்த பிறகு நுரை திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கணக்காம். படபடவென்று வந்தால் பீர் இன்னும் துள்ளுகிறது, விட்டுவிட வேண்டும். நிதானமாக வந்தால் மெதுமுளையைப் பிடுங்கிவிட்டுக் கடினமுளையை அடித்து மிச்ச வாயுவை உள்ளேயே நிறுத்த வேண்டும். கருவி எதுவும் இல்லை, ஒரு துணியும் இரண்டு கண்ணும்தான். எனக்கு மெய்சிலிர்த்தது.

மீன் எங்கே வருகிறது? ஈஸ்ட் பீரில் மிதந்தால் கலங்கலாக இருக்கும். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் கொலாஜன், ஐசிங்கிளாஸ் என்று பெயர், அதைப் பீப்பாயில் சேர்க்கிறார்கள். கொலாஜனுக்கு நேர்மின்னூட்டம், ஈஸ்டுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கனத்து அடியில் படிந்துவிடும். பீப்பாயின் வயிறு வெளியே புடைத்திருப்பதே இந்த வண்டல் தங்குவதற்கு வசதி. கோப்பைக்கு வருவது மேலே தெளிந்த பீர். ஆனாலும் சைவம் சாப்பிடுகிறவர்கள், தயங்காமல் கேட்டுவிடுங்கள். ஐசிங்கிளாஸ் சேர்க்காத கேஸ்க் பீர்களும் இப்போது நிறைய வருகின்றன. கொஞ்சம் கலங்கலாக இருக்கலாம், அது குறையே இல்லை.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பீப்பாயிலிருந்து பீர் இறங்க இறங்க, அந்த இடத்தில் காற்று நுழைகிறது. காற்று பட்டால் பீர் கெட ஆரம்பிக்கும். திறந்த பீப்பாயை மூன்று நாளில் காலி செய்வது நல்லது. வழக்கமான ஃபிர்கின் பீப்பாயில் 9 கேலன், அதாவது 72 பைண்ட். பைண்ட் என்றால் 568 மில்லி. மூன்றால் வகுத்தால் ஒரு நாளைக்கு 24 பைண்ட், ஒரு ஹேண்ட்பம்புக்கு மட்டும். இப்போது உள்ளே நுழைந்ததும் ஹேண்ட்பம்புகளை எண்ணுங்கள், பிறகு ஆட்களை எண்ணுங்கள். எட்டு பம்ப் இருக்கிறது என்றால் நாளுக்கு 190 பைண்டுக்கு மேல் ஓட வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம், உள்ளே நான்கு பெரியவர்களும் ஒரு நாயும் மட்டும் இருந்தால் அந்த எட்டில் பாதி பழையது. அதே நாலு பேர் இருக்கும் ஊர்ப்புற பப்பில் இரண்டே பம்ப் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பம்பின் முகப்பு வில்லையைத் திருப்பி வைத்திருந்தால் அந்த பீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித் திருப்பி வைக்கிற பப்பை நான் நம்புவேன். கெட்டதை விற்காமல் தீர்ந்ததைத் தீர்ந்தது என்று சொல்கிறார்கள்.

"பிரிட்டிஷ் பீர் வெதுவெதுப்பாக இருக்குமாமே?" என்று கமெண்டில் எப்போதும் ஒரு கேள்வி வரும். இல்லை. 11-லிருந்து 13 டிகிரி. ஃப்ரிட்ஜ் பீருக்குப் பழகிய நாக்குக்கு அது சூடாகத் தெரியும். ஐஸ் போல் குளிரவைத்தால் ஹாப்ஸ் பூவின் கசப்பு, மால்ட் என்கிற முளைகட்டிய தானியத்தின் பிஸ்கட் வாசனை எல்லாம் மரத்துப்போகும். இரண்டு வாய் பொறுத்துக் குடியுங்கள், புரிந்துவிடும்.

குடிக்கும்போது கோப்பையின் உள்பக்கத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நுரை வளையம் கண்ணாடியில் ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் கோப்பையும் சுத்தம், பீரும் நல்ல நிலை. வினிகர் வாடை வந்தால் பேசாமல் குடிக்காதீர்கள். பாரில் பதமாகச் சொன்னால் நல்ல பப் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கும். வாங்குவதற்கு முன்னால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்டாலும் கொடுப்பார்கள். நுரை அதிகமாகி பீர் குறைந்து தெரிந்தால் டாப் அப் கேட்கலாம், அவர்கள் ஊர்க்காரர்களே கேட்பார்கள். வடக்கே குழாய் முனையில் சின்னச் சல்லடை மாட்டிப் பாலாடை போல் நுரை வரவைப்பார்கள், தெற்கே மாட்டுவதில்லை. இதில் எது சரி என்று இரு தரப்பும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. என் ஓட்டு வடக்குக்கு.

இந்த பீர் இன்று இருப்பதற்கே ஒரு போராட்டம் காரணம். 1960-களில் பெரிய ஆலைகள் லாபம் பார்த்து எல்லா இடத்திலும் கெக்கைத் திணித்தன. 1971-ல் நான்கு நண்பர்கள் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன இடத்தில் உட்கார்ந்து கேம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அது நுகர்வோர் இயக்கம், உறுப்பினர்கள் பப் பப்பாகப் போய் பீருக்கு மதிப்பெண் போடுகிறார்கள். சாதாரண ஜனங்கள் ஒரு பானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதற்காகவே அவர்களுக்கு ஒரு சல்யூட்.

சரி, சூழல்.

(திரையில்: செதுக்கிய மரத் தடுப்புகள், பூவேலை பொறித்த கண்ணாடி.)

விக்டோரியா காலத்து பப் ஒரே பெரிய ஹால் இல்லை. மரத் தடுப்பால் பிரித்த அறைகள். தொழிலாளிக்கு ஒன்று, துரைமாருக்கு ஒன்று. துரைமார் பக்கம் விலையும் கூடுதல். லண்டனில் லாம்ப்ஸ் காண்டூயிட் தெருவில் உள்ள தி லாம்ப் பப்பில், முக உயரத்தில் திருப்பக்கூடிய சின்னக் கண்ணாடிக் கதவுகள் பார் மேசையின் மேல் இன்னும் இருக்கின்றன. திருப்பி மூடிக்கொண்டால் ஊற்றுகிறவருக்கு உங்கள் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும்! பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பப்களில் இந்தத் தடுப்புகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பெரிய இழப்பு என்பேன். மூலைகள் இருந்தால்தான் பேச்சு இருக்கும். பெல்ஃபாஸ்டின் கிரவுன் லிக்கர் சலூனில் கதவு போட்ட தனி அறைகளும் ஆளைக் கூப்பிட மணியும் உண்டு. லிவர்பூலின் ஃபில்ஹார்மோனிக் பப்பின் ஆண்கள் கழிப்பறையில் சிவந்த பளிங்குக் கற்கள். பெண்களும் அனுமதி கேட்டுப் போய்ப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு 2020-ல் பாரம்பரியக் கட்டடம் என்ற முறையில் முதல் தரப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள்.

"இங்கிலாந்தின் மிகப் பழைய பப்" என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். நாட்டிங்ஹாமில் யே ஓல்டு டிரிப் டு ஜெருசலேம் சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கும். இப்போதுள்ள கட்டடம் 17-ஆம் நூற்றாண்டுடையது. ஆனால் பின்னால் கோட்டைப் பாறையைக் குடைந்த குகைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம் பாருங்கள், அதற்காகப் போகலாம். லண்டனில் நிஜமாகவே பழையது வேண்டுமென்றால் சதர்க்கில் தி ஜார்ஜ். 1676 தீ விபத்துக்குப் பிறகு கட்டிய, மாடி முற்றம் வைத்த வண்டிச் சத்திரம்.

போய் மேசையில் உட்கார்ந்துகொண்டு யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். பாருக்குப் போய் நீங்கள்தான் வாங்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்கு முன்னால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நண்பர்களோடு போனால் முறை வைத்து ஒவ்வொருவரும் எல்லோருக்கும் வாங்க வேண்டும். உங்கள் முறை வரும்போது நழுவினால் அந்தப் பெயர் லேசில் போகாது.

சாப்பாட்டுக்கு ஒரே சோதனை: பை (pie), அதாவது மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்டது, கேளுங்கள். நான்கு பக்கமும் அடியும் மாவு சூழ்ந்து வர வேண்டும். கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே ஒரு மாவு மூடி போட்டுக் கொண்டுவந்தால் அது பை இல்லை. ஆறு பக்க மெனு என்றால் எல்லாம் ஃப்ரீசரிலிருந்து வருகிறது. ரொட்டி, சீஸ், ஊறுகாய் வைக்கும் பிளவ்மேன்ஸ் லஞ்ச்சைப் பழங்கால உழவர் உணவு என்பார்கள். அந்தப் பெயரில் அதைப் பரப்பியது 1950-களிலும் 60-களிலும் சீஸ் விற்க வந்த விளம்பரம். ருசி என்னவோ அருமை.

கடைசியாக, நம் ஆட்கள் அதிகம் பேசாத ஒரு பப் வகை. 1960-களில் பர்மிங்காம் பக்கத்து ஸ்மெதிக்கில், வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபிகளையும் கறுப்பினத்தவரையும் பல பப்களில் சில அறைகளுக்குள் விடமாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம் எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே வந்து, அந்தப் பாகுபாட்டை நேரில் பார்க்க ஒரு பப்புக்குள் போனார். அவருக்கும் மறுப்புதான். ஒன்பது நாளில் நியூயார்க்கில் அவர் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே வந்த இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பப்களுக்கும் பொருந்தியது. பின்னால் நம் நாட்டவர்களே பப்களை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். அதுதான் தேசி பப். வெஸ்ட் பிராம்விச்சில் உள்ள தி வைன் போன்ற இடங்களில், ஒரு கையில் ஏல், எதிரே கரியடுப்பில் சுட்டுச் சீறிக்கொண்டு வரும் மிக்ஸ்டு கிரில் என்கிற பலவகை இறைச்சித் தட்டு. பக்கத்து மேசையில் வெள்ளைக்காரத் தாத்தாவும் சர்தார்ஜியும் ஒன்றாகக் கால்பந்து பார்க்கிறார்கள். கதவைச் சாத்திய அதே வட்டாரத்தில்! லண்டன் இஸ்லிங்டனில் 2022-ல் பழைய பப் ஒன்று தி தமிழ் பிரின்ஸ் என்ற பெயரில் திறந்தது, அடுத்த ஆண்டே பக்கத்தில் தி தமிழ் கிரவுனும் வந்தது.

பர்மிங்காம், லெஸ்டர், சவுத்ஹால் பக்கம் இருக்கும் நம் மக்களே, உங்கள் ஊர் தேசி பப்பில் எத்தனை ஹேண்ட்பம்ப், கிரில் எப்படி என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ முழுக்க தேசி பப்தான், நீங்கள் சொல்லும் இடங்களிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.