நெய்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே: வேல்ஸ் நாட்டுப்புறத்தின் கம்பளி வாழ்க்கை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வேல்ஸ் நாட்டுப்புறத்தில் கம்பளி நூற்று, நெய்து, காலுறை பின்னி, மெத்தைவிரிப்பு தைத்துப் பிழைப்பவர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தத் துணிகளின் அழகைப் பாராட்டப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அவர்களுடைய வரும்படியைப் பற்றி. அங்கே கைத்திறனுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் அந்தத் திறனுக்கு உரிய கூலி கிடைத்ததா என்பதை, செய்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்றவர் யார் என்பதுதான் ஒவ்வொரு தலைமுறையிலும் தீர்மானித்திருக்கிறது.

வேல்ஸின் பெரும்பகுதி மலையும் மேய்ச்சல் நிலமுமாக உள்ளது. ஓயாத மழை, மெலிந்த மண், உழவுக்கு ஒத்துவராத சரிவு. ஆகவே ஆடுதான் அங்கே செல்வம். இன்றும் அந்நாட்டில் மக்கள்தொகையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆடுகள் உள்ளன. சிறு பண்ணைக் குடும்பங்களுக்கு நெசவும் பின்னலும் தனித் தொழிலாக இருந்ததில்லை; பால் கறப்பது, வைக்கோல் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு இடையே, எல்லோருடைய கையிலும் நடந்த வேலை அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கு வேல்ஸில் பயணம் செய்து எழுதிய தாமஸ் பென்னன்ட் என்னும் நூலாசிரியர், பாலா என்னும் சிற்றூரின் சந்தையில் ஒரே நாளில் 200 முதல் 500 பவுண்டு பெறுமான கம்பளிக் காலுறைகள் விற்றதாகக் குறித்திருக்கிறார். குளிர்கால இரவுகளில் பெண்கள் ஒரு வீட்டு அடுப்பைச் சுற்றிக் கூடி, பழங்கதையும் யாழிசையும் கேட்டுக்கொண்டே பின்னுவார்கள் என்றும் அவர் எழுதினார். விளக்கையும் விறகையும் பகிர்ந்துகொள்ள ஏழை வீடுகள் கண்ட வழியும் அதுவே என்று நான் கருதுகிறேன். இன்னும் வறிய பெண்கள் வேலியிலும் முட்புதரிலும் ஆடுகள் உரசி விட்டுச்சென்ற உரோமத்தைப் பொறுக்கிச் சேர்க்க, மலைப்பாதைகளில் கூட்டமாக நாள்கணக்கில் நடந்தார்கள்.

பின்னலுக்கு உள்ளூர்ச் சந்தை இருந்தது. துணிக்கு நிலைமை வேறு. நடு வேல்ஸின் பண்ணைவீடுகளில் நெய்த முரட்டுக் கம்பளித் துணி, குதிரை முதுகில் இங்கிலாந்து எல்லைப்புறத்து ஆஸ்வெஸ்ட்ரி சந்தைக்கும் பிற்பாடு ஷ்ரூஸ்பரி நகரத்துக்கும் போனது. அங்கே ஷ்ரூஸ்பரி துணி வணிகர் சங்கத்தின் கை ஓங்கியிருந்ததால் விலையை வணிகர்களே வைத்தார்கள். துணியைப் பக்குவப்படுத்தும் வேலையும் அதில் கிடைக்கும் லாபமும் எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. அதன்பின் அந்தத் துணி எங்கே போனது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதில் பெரும்பங்கு கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் உடம்பில் ஏறியது. நம்முடைய சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகளும் அதே காலத்தில் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டன. வேல்ஸின் நெசவாளியும் நம் நெசவாளியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கொடிய வணிகத்தின் இரு முனைகளில் நின்றார்கள். அதில் வந்த செல்வம் இருவர் வீட்டையும் எட்டவில்லை.

19ஆம் நூற்றாண்டில் நடு வேல்ஸின் நியூடவுன் நகரம் ஃபிளானல் என்னும் மெல்லிய கம்பளித் துணிக்குப் பேர்பெற்றது. கீழே குடித்தனம், மேல்தளங்களில் வீட்டுச் சுவர்களைத் தாண்டி நீளும் தறிக்கூடம் என்று அங்கே கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று இன்று நெசவு அருங்காட்சியகமாக இருக்கிறது. நெசவாளிகள் மேல்மாடியில் வேலை செய்ததற்குக் காரணம் வெளிச்சம். கூலியைப் பணமாகத் தராமல் முதலாளியின் கடைச்சரக்காகத் தரும் வழக்கமும், வேலையின்மையும் கசப்பை வளர்த்தன; பக்கத்து ஊரான லானிட்லோசில் 1839இல் நெசவாளிகள், உழைப்பாளிகளுக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தின் பேரால் கிளர்ந்தெழுந்தார்கள். அதே நியூடவுனில் பிரைஸ் ஜோன்ஸ் என்னும் துணிக்கடைக்காரர், புதிதாக வந்த ரயிலையும் அஞ்சலையும் நம்பி, 1861இல் விலைப்பட்டியல் அனுப்பி ஃபிளானல் விற்கத் தொடங்கினார். விக்டோரியா அரசியும் அவருடைய வாடிக்கையாளர். உலகில் அஞ்சல்வழி வணிகத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஒரு மலைநாட்டுச் சிற்றூரில் தோன்றினார் என்பது பெருமைதான். ஆயினும் விசைத்தறிகளோடு வந்த இங்கிலாந்தின் ராச்டேல் நகர ஆலைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவ்வூரின் நெசவு நலிந்தது.

தொழில் தெற்கே டைவி ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. ட்ரே-வாக் வெலிந்திரே என்னும் ஊரைச் சுற்றி ஓடைக்கு ஓடை ஆலை எழுந்தது. அங்கே நெய்த ஃபிளானல், தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் சட்டையாயிற்று. வேர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிரவிடாது என்பதால் அதை அவர்கள் விரும்பி அணிந்தார்கள். முதல் உலகப்போரில் ராணுவத்துக்காக இரவுபகலாக ஓடிய தறிகள், போர் முடிந்து அரசு தன் கையிருப்பை மலிவாகச் சந்தையில் கொட்டியதும் நின்றன. 1926இல் சுரங்க வேலைநிறுத்தம் வந்தபோது எஞ்சிய வாடிக்கையாளர் கையிலும் காசில்லை.

இனி மெத்தைவிரிப்பு தைத்த பெண்களிடம் வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. இரண்டு நீண்ட மரச்சட்டங்களுக்கு இடையே மேல்துணி, நடுவே சீவிய கம்பளி, கீழ்த்துணி என மூன்று அடுக்கையும் இழுத்துக் கட்டுவார்கள். தேநீர்க் கோப்பையையும் தட்டையும் கவிழ்த்து வட்டம் போட்டு, சுண்ணக்கட்டியால் நடுப்பூவையும் சுருளையும் இலையையும் இதயத்தையும் வரைந்து, கையெட்டும் அகலம் முடிந்ததும் அந்தப் பகுதியைச் சுருட்டிவிட்டு அடுத்ததைத் தொடுவார்கள். ஒரு கை மேலிருந்து ஊசியைச் செலுத்த, மறுகை அடியிலிருந்து அதன் முனையைத் தொட்டுணர்ந்து மேலே திருப்பிவிடும். அந்த அடிக்கை விரல் எப்போதும் குத்துப்பட்டுத் தடித்திருக்கும். பண்ணை பண்ணையாகச் சென்று, அங்கேயே உண்டு உறங்கி, வேலை முடிந்ததும் அடுத்த பண்ணைக்கு நடக்கும் தையற்காரிகளும் இருந்தார்கள். 1928இல் நாட்டுப்புறக் கைத்தொழில்களை வளர்க்க அமைந்த ஊரகத் தொழில் துறையினர், வறுமையில் வாடிய சுரங்கப் பகுதிப் பெண்களின் இந்தத் தையலை லண்டனில் விற்க ஏற்பாடு செய்தபோது நிலைமை மாறியது. 1932இல் லண்டனின் ஆடம்பரமான கிளாரிட்ஜஸ் ஓட்டல் தன் புதிய பகுதிக்கு இந்த விரிப்புகளை வாங்கியது. ஊசி பிடித்த விரல்கள் அவையே. இடைநின்றவர் நேர்மையாக இருந்ததால் அவர்களுக்குக் கூலி உயர்ந்தது. இரண்டாம் உலகப்போரின் துணிப் பங்கீடு அந்த முயற்சியை முடித்துவைத்தது.

இன்று மேற்கு வேல்ஸின் கெரடிகியன் மலைப்பகுதியில் தறி வைத்திருப்பவரின் நாள் எப்படி இருக்கும்? பக்கத்துப் பண்ணையில் ஒரு மூட்டை உரோமம் வாங்கி, சாணம் ஒட்டிய ஓரங்களைக் கிள்ளியெறிந்து, கொழுப்பு கரையும் அளவுக்குச் சூடான நீரில் அலசவேண்டும். அலசும்போது கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி நூற்கவே உதவாமல் போகும். நீளவாட்டு நூலான பாவை ஓட்டி, அச்சுப் பிணைத்து, குறுக்கு நூலைத் தாரில் சுற்றி, நெய்து இறக்கிய பிறகும் துணி துணியாவதில்லை. நனைத்துப் பிசைந்து இறுகவைத்தால்தான் கம்பளிக்குரிய மென்மை வரும். இத்தனைக்கும் நடுவே ஓட்டலுக்கு அனுப்பவேண்டிய பொதியைக் கட்டுவதும், வார இறுதியில் நெசவுப் பயிற்சி நடத்துவதும், இணையக் கடைக்குப் படம் எடுப்பதும் அவருடைய வேலையே. ஆட்டுக்காரரின் துயரம் வேறு: மலையாட்டின் முரட்டு உரோமத்துக்குக் கிடைக்கும் விலை பல ஆண்டுகளில் கத்தரிக்கும் கூலிக்கே காணாது. பெரிய அளவில் அலசும் ஆலைகள் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பக்கத்தில் இருப்பதால், வேல்ஸின் கம்பளி எல்லை தாண்டிச் சென்றுதான் திரும்பவேண்டியிருக்கிறது. ஷ்ரூஸ்பரி காலத்துச் சிக்கல் இன்னும் முழுதாக அவிழவில்லை.

இருந்தும் நம்பிக்கைக்கு இடமுண்டு. பில்த் வெல்ஸ் நகருக்கு அருகே 2006 முதல் நடந்துவரும் வசந்தகாலக் கம்பளித் திருவிழாவில், நூற்றவரே தம் நூலை வாங்குபவர் கையில் தருகிறார். பெம்புரோக்‌ஷயரில் 1912 முதல் ஒரே குடும்பம் நடத்திவந்த மெலின் ட்ரெக்வின்ட் நெசவாலை, 2022இல் அங்கே வேலை செய்பவர்களுக்கே உரிமையாயிற்று. இரட்டை அடுக்காக நெய்து, இருபுறமும் நிறம் மாறித் தெரியும் அதன் போர்வைகளுக்கு ஜப்பான்வரை வாடிக்கையாளர் உண்டு. வேல்ஸ் செல்லும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் ட்ரே-வாக் வெலிந்திரேயில் உள்ள தேசியக் கம்பளி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, பழைய ஆலையின் எந்திரங்கள் அங்கே இன்னும் ஓடுகின்றன. அங்கே ஒரு போர்வை உங்களுக்குப் பிடித்திருந்தால், யார் நெய்தது, உரோமம் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். சொல்லும் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.