ஒளித்து வைத்த ஸ்காட்லாந்து

வணக்கம் நண்பர்களே. மைக்கில் கேட்கும் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வட கடல் காற்று இங்கே ஓயாது போலிருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவன் ஊருக்குத் தெற்கே, டன்னாட்டர் கோட்டைக்கு எதிரே நிற்கிறேன். மூன்று பக்கமும் கடல். ஏறக்குறைய 50 மீட்டர் உயரப் பாறையின் தலையில் இடிந்த மதில்கள். பாறையை அருகில் காட்டுகிறேன்: சாந்தில் பதித்ததுபோலக் கூழாங்கற்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. பள்ளத்தில் இறங்கி மறுபடி செங்குத்தாக ஏறினால்தான் வாசல். எனக்கே மூச்சு வாங்குகிறது; படையெடுத்து வந்தவனோ மேலிருந்து சுடுகிறவனுக்கும் தப்பியாக வேண்டும்.

இங்கிலாந்தில் முதலாம் சார்ல்ஸ் மன்னரின் தலையை வெட்டிய பிறகு, ஸ்காட்லாந்துக்காரர்கள் அவருடைய மகனுக்கு 1651 ஜனவரி 1 அன்று ஸ்கோனில் முடிசூட்டினார்கள். அந்த மணிமுடி, செங்கோல், வாள் ஆகிய மூன்றும் மன்னராட்சியை எதிர்த்த இங்கிலாந்துப் படைத்தலைவர் குரோம்வெல்லின் கையில் சிக்காதிருக்க இந்தக் கோட்டைக்குள் வந்து சேர்ந்தன. எட்டு மாத முற்றுகைக்குப் பின் 1652 மே மாதம் கோட்டை பணிந்தபோது, உள்ளே நுழைந்தவர்களுக்கு அவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரான கினெஃப்பின் தேவாலயப் போதகரின் மனைவி கிறிஸ்டியன் ஃபிளெட்சர் துணிமணிக்குள் மறைத்து வெளியே கொண்டுபோனார் என்பது ஒரு கதை. கயிற்றில் கட்டி இறக்க, கீழே கடற்பாசி பொறுக்குவதாக நடித்த வேலைக்காரப் பெண் வாங்கிக்கொண்டாள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. எப்படியோ, 1660 வரை அவை அந்தத் தேவாலயத் தரைக்கடியில் கிடந்தன. மறைப்பதற்காக முறித்த வாளில் ஒட்டவைத்த தடம் இன்றும் தெரிகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடாளுமன்றங்கள் 1707இல் இணைந்தபின் எடின்பரோ கோட்டையில் ஒரு பெட்டிக்குள் பூட்டப்பட்டு, 1818இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னிலையில் அது திறக்கப்படும்வரை மூன்றையும் நாடு ஏறத்தாழ மறந்தே போயிற்று.

இப்போது நான் இருப்பது வடக்கே, ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில், ஸ்காரா பிரேயில். இங்கே ஒளித்து வைத்தது மணல். 1850இல் அடித்த புயல் மணல்மேட்டைக் கிழித்தபோது ஒரு கற்கால ஊர் வெளிப்பட்டது. கீசா பிரமிடுகளுக்கும் முந்தியது, ஏறக்குறைய 5,000 ஆண்டுப் பழமை. தீவில் மரம் அரிது, ஆனால் கல் பலகைபோலப் பிளவுபடும். ஆகையால் கட்டில், அலமாரி எல்லாமே கல். வேறு ஊரில் மரத்தால் செய்திருந்தால் என்றோ மக்கிப் போயிருக்கும். நடுவில் அடுப்பு, இருபுறமும் கட்டில்கள், வாசலுக்கு நேர் எதிரே அலமாரி. குனிந்து நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த அலமாரிதான். வீட்டுக்காரர்கள் தங்களிடமிருந்த நல்ல பொருளையெல்லாம் அதில்தான் அடுக்கியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஊரைத் திறந்து காட்டிய கடலே 1920களில் ஒரு வீட்டின் பகுதியை அடித்துக்கொண்டு போனதால் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். நீங்கள் இப்போது கேட்பது அந்தச் சுவரில் அலை மோதும் சத்தம்.