மாட்டுக் கொட்டகையில் தொடங்கும் கதை

நேயர்களுக்கு வணக்கம். சுற்றுச்சூழல் அறிவியலைப் பொது வாசகர் விரும்பிப் படிக்கும்படி எழுதுவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசுவதைவிட, நம் நாட்டில் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எந்த வரிசையில் சொன்னால் கேட்பவர் பாதியில் எழுந்து போகமாட்டார் என்று பார்ப்போம்.

1990களில் தொடங்கி இந்தியாவில் பாறுக் கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் 2007க்குள் மறைந்துவிட்டன. இதைப் பல்லுயிர்ப் பேரிழப்பு என்று தொடங்கி எழுதினால், வாசகர் ஒரு கணம் வருந்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஏனென்றால் அவர் யோசிக்க அங்கே எதுவும் இல்லை. உள்ளபடியே இது ஒரு துப்பறியும் கதை. ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகளைக் கணக்கெடுத்துவந்த ஆய்வாளர் விபு பிரகாஷ் அவற்றின் எண்ணிக்கை சரிவதைக் கண்டபோது, காரணம் யாருக்கும் விளங்கவில்லை. தொற்றுநோயா, பூச்சிக்கொல்லியா என்று ஐயங்கள் எழுந்தன. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால், உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. அதாவது சிறுநீரகம் கெட்டிருந்தது. எதனால்? பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸின் குழுவினர், பறவையை விட்டுவிட்டு அது தின்னும் செத்த மாட்டைப் பற்றிக் கேட்டார்கள்: அந்த மாட்டுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் விசாரித்தபோது கிடைத்த விடைதான் டைக்ளோஃபினாக், நாமும் மூட்டுவலிக்குச் சாப்பிடும் அதே மருந்து. முடிவுகள் 2004இல் வெளிவந்தன.

முக்கியமானதை முதல் வரியிலேயே சொல் என்பது செய்தி அறையின் பழைய விதி. வெள்ள எச்சரிக்கைக்கு அது சரி. இத்தகைய கதைக்கு, விடையை முதலிலேயே போட்டு உடைத்தால் ஆய்வாளர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பது வாசகருக்குக் கிடைக்காமல் போகும் என்பது என் கருத்து.

எண்களைக் குறைவாகச் சொல்லலாம். சொல்லும் எண் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். அதெப்படி என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஒரே சடலத்தைச் சுற்றிப் பல பத்துப் பாறுகள் உட்கார்ந்து தின்னும். ஆனால் ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும்.

சொற்களையும் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்து என்று எழுதுவதைவிட, மாட்டின் வலி தணியப் போடும் ஊசி என்றால் மாடு வளர்ப்பவருக்குச் சட்டென்று புரியும். பிணந்தின்னிக் கழுகு என்ற பெயர் கேட்டவுடன் அருவருப்பைத் தருகிறது. சங்கப் பாடல்களிலேயே பாறு என்ற சொல் இருக்க, நாம் ஏன் அதை மறந்தோமோ தெரியவில்லை.

சுவைக்காக ஒரு வில்லனை உண்டாக்குவதும் கூடாது. நொண்டும் மாட்டுக்கு ஊசி போட்ட விவசாயி இரக்கத்தால்தான் அதைச் செய்தார். கால்நடைக்கு டைக்ளோஃபினாக் பயன்படுத்துவதை 2006இல் இந்தியா தடை செய்தது. பாறுகளைப் பாதிக்காத மெலாக்சிகாம் மாற்றாக வந்தது. ஆனாலும் மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசி மருந்தின் பெரிய குப்பிகள் மாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015இல் அவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆகவே, தமிழ்நாட்டில் பாறுகள் எஞ்சியிருக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குச் செய்தி சேகரிக்கச் செல்பவர், தொலைநோக்கியை எடுக்கும் முன் வழியிலுள்ள மருந்துக்கடையில் நின்று, மாட்டு வலிக்கு எந்த ஊசி விற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகலாம்.