தெற்குக் கரையில் சாலை இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

கிரீட் தீவின் வரைபடத்தைக் கையில் எடுப்பவர் போடும் முதல் கணக்கு பெரும்பாலும் தப்புக் கணக்காகத்தான் இருக்கும். கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவு அது. கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர். வடக்கு தெற்காக, மிக அகலமான இடத்தில்கூட சுமார் 60 கிலோமீட்டர்தான். வாடகைக்கு ஒரு கார் எடுத்தால் கரையோரமாகவே மூன்று நாளில் சுற்றி வந்துவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன்.

அந்த நோட்டுப் புத்தகம் முதல் நாளே பயனற்றுப் போனது. வரைபடத்தில் தென்மேற்குக் கரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சூயா என்ற சிற்றூருக்கும் ஹோரா ஸ்பாகியோன் என்ற சிறு துறைமுகத்துக்கும் நடுவே கடலோரமாகச் சாலையே கிடையாது. வெண்மலைகள் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் அங்கே நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அதன் உச்சி 2,453 மீட்டர். இடையில் இருக்கும் அகியா ருமேலி, லூத்ரோ என்ற இரண்டு ஊர்களுக்கும் படகில் போகலாம், அல்லது நடந்து போகலாம். கார் போகாது.

ஆகவே பயணத் திட்டத்தைச் சாலை எங்கே இல்லை என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். மற்றதெல்லாம் தானே ஒழுங்காகிவிடும்.

வடக்குக் கரையில் சிக்கல் குறைவு. ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் ஆகிய மூன்று நகரங்களையும் ஒரே நெடுஞ்சாலை இணைக்கிறது. ஆனால் அதில் பல பகுதிகளில் நடுத்தடுப்பு இல்லை. பின்னால் வேகமாக ஒருவர் வந்தால், முன்னால் போகிறவர் வலப்பக்க ஓரக்கோட்டின் மேலேயே வண்டியை ஒதுக்கி வழி விடுகிறார். சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காத வழக்கம் இது. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கோ, வலப்பக்கம் ஓட்டுவதே பெரும் பாடு. அதற்கு மேல் இதையும் பழக வேண்டும். முதல் நாள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

வடக்கிலிருந்து தெற்கே கடக்கும்போதுதான் கிலோமீட்டர் கணக்கு பொய்த்துப் போகிறது. ஹானியாவிலிருந்து ஹோரா ஸ்பாகியோனுக்குச் சுமார் 75 கிலோமீட்டர்; ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அஸ்கிபு என்ற மலைச் சமவெளியைத் தாண்டி இம்ப்ரோஸ் ஊரைக் கடந்ததும், கீழே லிபியக் கடல் விரிகிறது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள். வளைவைத் திரும்பினால் நடுச்சாலையில் ஆடுகள் நிற்கும், ஒலிப்பானை அடித்தாலும் நகராது.

1941 மே மாத இறுதியில், ஜெர்மானியப் படைகளிடம் தோற்ற நேச நாட்டு வீரர்கள் இந்த வழியாகத்தான் பின்வாங்கினார்கள். அன்று சாலை கடலைத் தொடாமல் மலை விளிம்போடு நின்றுபோயிருந்தது. மீதி வழியை அவர்கள் கால்நடையாக இறங்கி, இரவில் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். எல்லோருக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் கரையிலேயே சிறைப்பட்டார்கள்.

அடுத்தது சமாரியா பள்ளத்தாக்கு. காரோடு போகிறவர்களுக்கு இது ஒரு புதிர். ஒமாலோஸ் சமவெளியின் விளிம்பில், ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரத்தில் நடை தொடங்குகிறது. 16 கிலோமீட்டர், முழுக்க முழுக்க இறக்கம், கல்லும் கூழாங்கல்லும். ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். மறுநாள் முழங்கால் நன்றாகவே பேசும். இரும்புக் கதவுகள் என்று பெயர் பெற்ற இடத்தில் இரு பாறைச் சுவர்களுக்கும் நடுவே சில மீட்டர்தான் இடைவெளி. இறங்கி முடித்தால் அகியா ருமேலி. கடல் இருக்கிறது, உணவகம் இருக்கிறது, சாலை இல்லை. உங்கள் காரோ மலை மேலே ஒமாலோஸில் நிற்கிறது!

நான் கண்ட வழி இது. முந்தின இரவு சூயாவில் தங்கி, காரை அங்கேயே விட்டுவிடுங்கள். காலையில் பஸ்ஸோ வாடகை வண்டியோ பிடித்து மலை ஏறுங்கள். நடந்து இறங்கி, மாலைப் படகில் சூயாவுக்கே திரும்பினால் கார் கரையில் காத்திருக்கும். படகு நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. பள்ளத்தாக்கு பொதுவாக மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழையோ கடும் வெயிலோ வந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். ஆகவே கையில் ஒரு நாளை உபரியாக வைத்திருப்பது நல்லது.

காகித விவகாரம் இரண்டே சொல்கிறேன். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து, காப்பீட்டுத் தாளின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். நான் படிக்கவில்லை. பாலோஸ் கடற்கரைக்குப் போகும் மண் சாலையில் டயர் கிழிந்தது. மண் சாலையில் டயருக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் காப்பீடு கிடையாது என்று, கார் கொடுத்தவர் புன்னகை மாறாமல் நான் கையெழுத்திட்ட இடத்தைக் காட்டினார். பணத்தைக் கட்டினேன்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. சாப்பாடு முடிந்ததும் கேட்காமலேயே ராக்கி என்ற சாராயத்தைச் சிறு குப்பியில் கொண்டுவந்து வைப்பார்கள். அது உபசாரம், காசு கிடையாது. வண்டி ஓட்டுபவர் மட்டும் நன்றி சொல்லிவிட்டுக் கோப்பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும்.

ஹோரா ஸ்பாகியோனில் ஒரு நாள் மிச்சமிருந்தால் மலை மேலே அனோபொலி வழியாக அராதேனாவுக்குப் போங்கள். ஆழமான பள்ளத்தாக்கின் மேல் 1986இல் போட்ட இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது; தளம் மரப்பலகை. கார் ஏறியதும் பலகைகள் தடதடவென்று அதிரும். அந்த ஓசையை இந்த ஒலிவாங்கியில் எழுப்பிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாகக் கடந்து பாருங்கள். பாலத்துக்கு அப்பால் அகியோஸ் யோவானிஸ் என்ற சிற்றூர். காரில் அதுவரைதான் போகலாம். அதற்குக் கீழே கடல் வரை நடைபாதைதான்.