மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்துச் சொச்சம்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 3 கோடியே 35 லட்சத்து 50 ஆயிரத்து 336. மொத்தம் எட்டு இலக்கம்.

இரட்டைப்படை எண்தானே, 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். பன்னிரண்டு முறை மீதியில்லாமல் போகும். பிறகு 8191-இல் வந்து நிற்கும். ஆக, நம் எண் 4096 பெருக்கல் 8191. இந்த எண்ணைப் பற்றிய அத்தனையும் இந்தப் பெருக்கலுக்குள்தான் இருக்கிறது.

8191 பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 90-ஐச் சற்றே தாண்டும். 89 வரையுள்ள 24 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கலாம். ஆனால் அவ்வளவு பாடு தேவையில்லை. 8191 என்பது 2-இன் 13-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. 13 பகா எண் என்பதால், 8191-க்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால், அதை 26-ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும். 90-க்குள் அப்படி இருப்பவை 27, 53, 79. இவற்றில் 27 பகா எண்ணே அல்ல. 8191-ஐ 53-ஆல் வகுத்தால் மீதி 29. 79-ஆல் வகுத்தால் மீதி 54. இரண்டே வகுத்தல், வேலை முடிந்தது: 8191 பகா எண்தான்.

இனி காரணிகளைக் கூட்டுவோம். மொத்தம் 26 காரணிகள். எண்ணையே அதன் காரணியாகச் சேர்த்துவிடாதீர்கள், விடை இரட்டிப்பாகிவிடும். 1-ஐ விட்டுவிட்டால் ஒன்று குறையும். பலரும் தடுமாறுவது இந்த இரண்டில்தான். 1, 2, 4 என்று 4096 வரை கூட்டினால் 8191. மீதிக் காரணிகள் 8191-இன் மடங்குகள். 8191-ஐ 4095-ஆல் பெருக்கினால் அவற்றின் கூட்டுத்தொகை, 3,35,42,145. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், புறப்பட்ட எண்ணே திரும்பி வரும். இப்படிப்பட்டதைத்தான் செவ்விய எண் என்கிறோம்.

வரிசையில் இது ஐந்தாவது. முந்தைய நான்கும் 6, 28, 496, 8128. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு இலக்கம் என்று ஒழுங்காக ஏறுவதைப் பார்த்தால், அடுத்தது ஐந்து இலக்கம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 8128 என்பது 64 பெருக்கல் 127. அந்த 127, 2-இன் 7-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு; ஆக, 8128-இல் இருக்கும் அடுக்கு 7, நம் எண்ணில் 13. அடுத்த பகா எண் 11. 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் 2047. அது 23 பெருக்கல் 89, பகா எண் அல்ல. அங்கே வழி அடைபட்டதால்தான் 13-க்குத் தாவி, ஒரேயடியாக எட்டு இலக்கம் ஆகிவிட்டது.

இதன் 2 மடங்கு, 3 மடங்கு என எல்லா மடங்குகளும் மிகையெண்கள், அதாவது தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிட அதிகமாக வருபவை. இதன் காரணிகளோ, இதைத் தவிர, எல்லாமே குறைவெண்கள், அதாவது அந்தக் கூட்டுத்தொகை தன்னைவிடக் குறைவாக வருபவை. 1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண் வரும் என்பதால் முக்கோண எண்ணும்கூட. 1 முதல் 127 வரையுள்ள 64 ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவேதான். இலக்கங்களைக் கூட்டினால் 28, அதுவும் செவ்விய எண். இதைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். தற்செயல் அல்லாதது ஒன்று: இரும முறையில் எழுதினால் வரிசையாகப் பதின்மூன்று 1, பின்னால் பன்னிரண்டு பூஜ்யம்.