கையெழுத்துக்கு முன்னால்

கோவை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அண்மைக்கால ஜனாதிபதிகளைப் பற்றியும் அவர்கள் விட்டுச்சென்றதைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கம் குடிமையியல் நடத்திய வாத்தியார் நான். ஓய்வுபெற்ற பிறகும் பேக்கரியில் டீ குடிக்கப் போனால் இந்தப் பேச்சு வந்துவிடும். "ஏனுங்க வாத்தியாரே, 340 ரூம் வீட்டுல இருக்கிறாரு, வேலைன்னு பாத்தா ஒரு ரப்பர் ஸ்டாம்பு, அவ்வளவுதானுங்களே?" என்பார்கள்.

அவ்வளவுதானா? காகிதம் மேசைக்கு வருகிறது. கையெழுத்து விழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கிறது, பாருங்கள். அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் நான் ஒரு ஜனாதிபதியை எடை போடுவேன். எத்தனை நாட்டுக்குப் போனார், எத்தனை விழாவில் ரிப்பன் வெட்டினார் என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

சட்டம் சொல்வது சுருக்கம்தான். மந்திரிசபை சொல்கிறபடி அவர் நடக்க வேண்டும். ஆனால் 1978இல் வந்த 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு, "இன்னொரு தடவை யோசியுங்கள்" என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மறுபடி அதையே அனுப்பினால் ஒத்துக்கொண்டாக வேண்டும். நாடாளுமன்றத்தில் நிறைவேறி வரும் மசோதாவையும் இப்படித் திருப்பலாம். மசோதாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் கெடுவே கிடையாது.

அந்தக் கெடு இல்லாததை ஜனாதிபதி ஜெயில் சிங் எப்படிப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். 1986இல் தபால் சட்டத் திருத்த மசோதா ஒன்று வந்தது. உங்கள் வீட்டுக்கு வருகிற இன்லேண்ட் லெட்டரை அரசாங்கம் பிரித்துப் பார்க்க வழி செய்கிற மசோதா. அவர் கையெழுத்துப் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. சும்மா வைத்துக்கொண்டார். 1987இல் பதவிக்காலமே முடிந்துவிட்டது. அந்த மசோதா கடைசி வரைக்கும் சட்டமாகவில்லை. அமெரிக்க ஜனாதிபதிக்கு மசோதா விஷயத்தில் 10 நாள்தான் கெடு. நம்முடையவர் வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம்.

அடுத்து வந்தவர் நம் தஞ்சாவூர்ச் சீமைக்காரர், ஆர். வெங்கட்ராமன். அவர் காலத்துக் காகிதம் ஒன்று தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 1991 ஜனவரி 30. தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட நாள். ஆளுநர் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை தரவில்லை. இருந்தாலும் மாநில ஆட்சியைக் கலைக்க வழி தருகிற 356ஆவது பிரிவில் ஆளுநர் அறிக்கை மூலமோ "அல்லது வேறு வகையிலோ" ஜனாதிபதி திருப்தி அடைந்தால் போதும் என்று எழுதியிருக்கிறது. அந்த இரண்டு மூன்று வார்த்தையின் மேல் நின்றுதான் கையெழுத்து விழுந்தது. கலைத்தது சரி என்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் கேட்பது அதையல்ல. திருப்பி அனுப்பிக் கேட்டிருக்கலாமே என்றுதான். அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியாமல் இல்லை. எம்.பி.க்களின் சம்பளம், ஓய்வூதியம் பற்றி அவசர அவசரமாக நிறைவேறி வந்த மசோதா ஒன்றுக்கு அவரேதான் ஒப்புதல் தராமல் நிறுத்தினார்.

ஆறே வருஷம் கழித்து, 1997 அக்டோபரில், உத்தரப்பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் மந்திரிசபை ஒரு காகிதம் அனுப்பியது. மேசையில் இருந்தவர் கே.ஆர். நாராயணன். அவர் திருப்பி அனுப்பினார். மந்திரிசபை யோசித்தது, விட்டுவிட்டது. அடுத்த வருஷம் பீகாரைக் கலைக்க வாஜ்பாய் மந்திரிசபை அனுப்பியதையும் திருப்பினார். எந்தக் கட்சி கேட்டாலும் அவருக்கு ஒரே கேள்விதான். நடுவில் 1994இல் பொம்மை வழக்கில், ஆட்சிக் கலைப்பை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் அவருக்குத் துணையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே 356தான். ஆனால் காகிதம் வந்ததற்கும் கையெழுத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் வேறு.

சரி, அப்துல் கலாமுக்கு வருகிறேன். அவரைப் பற்றிக் கேட்கத்தான் பாதிப் பேர் ரேடியோவைத் திறந்து வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ராக்கெட்டும் கனவும் நீங்கள் கேட்டவைதான். நான் கிரைண்டர் கதை சொல்கிறேன்.

கிரைண்டர் நமக்குச் சாதாரணப் பொருள் இல்லை, பாருங்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். கல்யாணச் சீரில் கிரைண்டர் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. 2014இல், அவர் பதவியை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆன பிறகு, ஒரு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். விழாச் செலவை ஏற்றுக்கொண்டது ஒரு கிரைண்டர் கம்பெனி. அவர்கள் அன்போடு ஒரு கிரைண்டரைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்றார். இவர்கள் விடவில்லை. நம்மாட்கள் ஒன்று கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால் விடுவார்களா? காரில் ஏற்றாமல் அனுப்ப மாட்டார்கள். வாங்கிக்கொண்டார். மறுநாளே ஆளை அனுப்பிக் கடையில் என்ன விலை என்று விசாரித்தார். 4,850 ரூபாய். அந்தத் தொகைக்குச் செக் எழுதி அனுப்பினார். கம்பெனிக்காரர் செக்கைப் போடவில்லை. போடுவாரா? கலாம் கையெழுத்துப் போட்ட செக் ஆயிற்றே! கொஞ்ச நாள் கழித்துத் தன் கணக்கில் பணம் குறையவில்லை என்று பார்த்துவிட்டுப் போன் போடச் சொல்லியிருக்கிறார். செக்கை வங்கியில் போடுங்கள், இல்லையென்றால் கிரைண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று. வேறு வழியில்லாமல் ஒரு நகல் எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டு, செக்கை வங்கியில் போட்டார்களாம். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் அந்தச் செக்கின் படத்தோடு எழுதப்போய்ச் செய்தித்தாள்களில் எல்லாம் வந்த கதை இது.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பதவி போன பிறகும், 4,850 ரூபாய்க்கும்கூட, போட்ட கையெழுத்து என்ன ஆயிற்று என்று விசாரித்த மனிதர். அதனால்தான் 2005 மே மாதம் நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் மாஸ்கோவில் இருக்கிறார். பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லி நடு ராத்திரியில் காகிதம் போகிறது. அங்கேயே கையெழுத்து விழுகிறது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கலைத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்ததாகவும் பிரதமர் மன்மோகன் சிங் தடுத்ததாகவும் பின்னாளில் அவரே எழுதினார். மறு வருஷம், எம்.பி.க்கள் எந்தெந்த ஆதாயம் தரும் அரசுப் பதவிகளில் இருக்கலாம் என்பது பற்றிய மசோதா வந்தபோது அவர் அவசரப்படவில்லை, திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். மாஸ்கோ ராத்திரிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரத்தைக் காட்டுகிறார்கள். கிரைண்டர் சாப்பிட்டுவிட்டது, என்ன செய்ய? மீதியை வேகமாகச் சொல்கிறேன்.

வைத்துக்கொண்டே இருப்பதும் எப்போதும் நல்லதல்ல. ஜெயில் சிங்குக்குக் கைதட்டிய நான் இதையும் சொல்லியாக வேண்டும். கருணை மனுவைப் பாருங்கள். நாராயணன் ஒரு மனுவுக்கும் முடிவு சொல்லாமலே போனார். பிரதிபா பாட்டீல் பலருடைய தூக்கை ஆயுளாகக் குறைத்தார், பிரணாப் முகர்ஜி பெரும்பாலான மனுக்களைத் தள்ளினார். நம் சத்தியமங்கலம் காட்டோடு சம்பந்தப்பட்டதே ஒன்று உண்டு. 1993இல் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் உயிர் போயிற்று. அந்த வழக்கில் வீரப்பன் கூட்டாளிகள் நாலு பேருக்கு 2004இல் உச்ச நீதிமன்றம் தூக்கு விதித்து, கருணை மனு டெல்லிக்குப் போனது. கலாம் காலம் முடிந்தது, பாட்டீல் காலமும் முடிந்தது. 2013இல் பிரணாப் தள்ளுபடி செய்தார். 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இத்தனை தாமதம் ஆனதாலேயே தூக்கை ஆயுளாக்கியது. அன்று அதே தீர்ப்பில் தூக்கிலிருந்து தப்பியவர்கள் மொத்தம் 15 பேர். செத்துப்போன 22 பேரின் வீட்டாரும் அந்த ஒன்பது வருஷமும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ராம்நாத் கோவிந்த் பற்றி எழுதி வைத்திருந்த பக்கத்தை மடித்து வைக்கிறேன். திரவுபதி முர்முவைப் பற்றி ஒரே வாக்கியம். ஆளுநர் நிறுத்தி வைத்த தமிழ்நாட்டு மசோதாக்கள் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மாநில மசோதாவுக்கு முடிவு சொல்ல ஜனாதிபதிக்கு 3 மாதக் கெடு வைத்ததும் அவர் 14 கேள்விகளை அதே நீதிமன்றத்துக்கு அனுப்பினார், நவம்பரில் 5 நீதிபதிகள் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று பதில் சொன்னார்கள். அது சரியா தப்பா என்று பேசத் தனியாக ஒரு பத்து நிமிஷம் வேண்டும், நிலையத்தார் கொடுத்தால் வருகிறேன். வணக்கம்.